விண்டோஸ் ரிப்பேர் இன்ஸ்டால் பாதியில் ஹேங் ஆகிறதா? முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் 10 அல்லது 11 ஓடுகிறது, ஆனால் ஒழுங்காக ஓடவில்லை. ஃபார்மட் அடிக்கவும் மனமில்லை. அதனால் ஐஎஸ்ஓ ஃபைலைத் (விண்டோஸ் இன்ஸ்டாலுக்குத் தேவையான எல்லாம் அடங்கிய ஒற்றை ஃபைல்) திறந்து செட்டப்பை ஓட்டி, ஃபைல்களும் புரோகிராம்களும் அப்படியே இருக்க விண்டோஸை மட்டும் மேலேயே மறுபடி போடுகிறீர்கள். இதைத்தான் ரிப்பேர் இன்ஸ்டால் என்கிறோம். அது ஏதோ ஒரு சதவீதத்தில் அசையாமல் நின்றுவிடுகிறது. அந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு, எதையும் மாற்றாமல் அதே செட்டப்பை மறுபடி ஓட்டுவார்கள். அது மறுபடியும் அதே இடத்தில் போய் நிற்கும். எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே காரணம் பாதி பிடிபட்டுவிடும். மீதிப் பாதியை, செட்டப் தான் செய்ததையெல்லாம் எழுதி வைக்கும் லாக் ஃபைல் சொல்லும்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பாக எழுதியிருக்கிறேன். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

1. முதலில் டிஸ்க்கைப் பாருங்கள்

மற்ற எதற்கும் முன்னால் இதைச் செய்ய வேண்டும். ரிப்பேர் இன்ஸ்டால் பல ஜிபி அளவுக்கு எழுதும், பழைய விண்டோஸை நகர்த்தும், உங்கள் ஃபைல்களை இடம் மாற்றும். சாகக் கிடக்கிற டிஸ்க்குக்கு இந்த வேலையைக் கொடுத்தால் பாதியில் அது கைவிரித்துவிடும். நீங்கள் விண்டோஸ் ஹேங் ஆகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மாதிரி ஒரு இலவச மென்பொருளில் டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளும் முக்கியம். சி5 என்பது படிக்க முடியாமல் திணறிக்கொண்டிருக்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் சின்னத் துண்டுகளின்) கணக்கு. அது பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் ரிப்பேர் இன்ஸ்டாலை அங்கேயே மறந்துவிட்டு டேட்டாவைக் காப்பாற்றும் வேலையைப் பாருங்கள்.

அடுத்து, விண்டோஸ் குறித்து வைக்கும் பிழைகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். சோர்ஸ் 'டிஸ்க்' என்று போட்டு 7, 51, 153 ஆகிய எண்கள் வந்திருக்கின்றனவா என்று தேடுங்கள். 7 என்றால் பேட் பிளாக், அதாவது டிஸ்க்கில் கெட்டுப்போன பகுதி. 153 என்றால் ஒரு வேலையைத் திரும்பத் திரும்ப முயன்றிருக்கிறது. 153 வந்தவுடனே டிஸ்க்கைக் குற்றம் சொல்ல வேண்டாம். டெஸ்க்டாப்பில் சாட்டா கேபிள் தளர்ந்திருந்தாலும் இது வரும். கேபிளை மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

டிஸ்க் நன்றாக இருந்தால் 'செக் டிஸ்க்' (chkdsk) கட்டளையை சி டிரைவுக்கு '/ஸ்கேன்' சேர்த்து ஓட்டுங்கள். பிழை காட்டினால் '/எஃப்' கொடுத்து ரீஸ்டார்ட் பண்ணலாம். எடுத்த எடுப்பிலேயே '/ஆர்' கொடுப்பவர்கள் நிறைய பேர். அது டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்க்கும். பலவீனமான டிஸ்க்காக இருந்தால் அந்த உழைப்பே அதை முடித்துவிடும். பேக்கப் எடுக்காமல் அதைத் தொடாதீர்கள்.

2. பேக்கப், கரண்ட், இடம்

'ஃபைல்கள் அப்படியே இருக்கும்' என்று செட்டப் சொல்வது வேலை நல்லபடியாக முடிந்தால்தான். நடுவில் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பேக்கப் எடுக்கும்போது டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ் இரண்டோடு நிறுத்திவிடாதீர்கள். கணக்கு எழுதும் சிஸ்டங்களில் டேலியின் டேட்டா ஃபோல்டர் பெரும்பாலும் சி டிரைவில்தான் இருக்கும், ஆனால் உங்கள் டாகுமென்ட்ஸுக்குள் இருக்காது. டேலியைத் திறந்து டேட்டா எந்தப் பாதையில் இருக்கிறது என்று பார்த்து, அந்த ஃபோல்டரையே எடுங்கள். டிடிபி வேலை செய்பவர்கள் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்டுகளை மறுபடி தேடி அலைவது எவ்வளவு பெரிய வேலை என்று உங்களுக்கே தெரியும்.

சி டிரைவில் 25 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். இடம் போதாவிட்டால் பெரும்பாலும் 0எக்ஸ்80070070 என்ற பிழையோடு செட்டப் நின்றுவிடும். ஆனால் விளிம்பில் இருந்தால் பிழையும் காட்டாமல் ஊர்ந்துகொண்டிருக்கும்.

லேப்டாப் என்றால் சார்ஜரைச் சொருகியே வையுங்கள். டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் வேண்டும். ஐந்து நிமிடம் தாங்கும் பழைய யூபிஎஸ்ஸை நம்பி மழை நாளில் ஆரம்பிக்காதீர்கள். ஸ்லீப் நேரத்தை 'நெவர்' என்று மாற்றி வையுங்கள்.

டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் ஓடுகிறதா என்று பாருங்கள். நாமாகப் போடாவிட்டாலும் பல புதிய லேப்டாப்புகளில் அது ஓடிக்கொண்டிருக்கும். ரெக்கவரி கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்யுங்கள். நடுவில் ரீஸ்டார்ட் ஆகும்போது 48 இலக்க எண் கேட்டு நிற்கும் திரையைப் பார்த்து 'ஹேங்' என்று சொல்லிக்கொண்டு லேப்டாப்பைத் தூக்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

3. ஐஎஸ்ஓ உங்கள் விண்டோஸுக்குப் பொருந்த வேண்டும்

ஸ்டார்ட் மெனுவில் 'வின்வெர்' என்று தட்டினால் வெர்ஷனும் எடிஷனும் தெரியும். ஐஎஸ்ஓ அதே வெர்ஷனாகவோ புதியதாகவோ இருக்கலாம், பழையதாக இருக்கக் கூடாது. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு 22எச்2 தான் கடைசி வெர்ஷன். அதற்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது மொழியில். ஆங்கிலத்திலேயே இரண்டு ஐஎஸ்ஓ உண்டு: ஒன்று அமெரிக்க ஆங்கிலம், இன்னொன்று 'இன்டர்நேஷனல்' என்ற பிரிட்டிஷ் ஆங்கிலம். உங்கள் விண்டோஸ் ஒன்றிலும் ஐஎஸ்ஓ இன்னொன்றிலும் இருந்தால், புரோகிராம்களையும் வைத்துக்கொள்ளும் வாய்ப்பு மங்கலாகிவிடும், தேர்வு செய்ய முடியாது. 'டிஐஎஸ்எம் /ஆன்லைன் /கெட்-இன்டிஎல்' என்று ஓட்டி, சிஸ்டத்தின் டீஃபால்ட் மொழி என்ன என்று பார்த்துவிட்டு டவுன்லோடு செய்யுங்கள்.

ஐஎஸ்ஓவை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே எடுங்கள். எடுத்ததை உள் டிஸ்க்கில் வைத்து, டபுள் கிளிக் செய்து திறந்து ஓட்டுங்கள். பழைய பென்டிரைவிலிருந்து ஓட்டினால், அந்தப் பென்டிரைவ் திணறுவதும் செட்டப் ஹேங் ஆனது போலத்தான் தெரியும்.

இன்னொன்று: பென்டிரைவிலிருந்து பூட் செய்தால் ரிப்பேர் இன்ஸ்டால் வராது, புரோகிராம்களெல்லாம் போய்விடும். சேஃப் மோடிலும் இது ஓடாது. விண்டோஸுக்குள் சாதாரணமாக லாகின் ஆன பிறகு ஓட்டினால் மட்டுமே உண்டு.

4. கழற்ற வேண்டியதையெல்லாம் கழற்றுங்கள்

கீபோர்டு, மவுஸ், மானிட்டர் மூன்றையும் தவிர மற்ற எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். பிரிண்டர், எக்ஸ்டர்னல் டிஸ்க், கார்டு ரீடர், புளூடூத் டாங்கிள், டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் என்று எதையும் விட வேண்டாம். செட்டப் நடுவில் ஒவ்வொரு சாதனத்தையும் கண்டுபிடித்து டிரைவர் (அந்தச் சாதனத்தை இயக்கும் சின்ன மென்பொருள்) ஏற்றும். ஒரே ஒரு சாதனம் பதில் சொல்லாவிட்டாலும் மொத்தமும் காத்து நிற்கும்.

ஒரு அச்சகத்து சிஸ்டம் மூன்று தடவை ஒரே சதவீதத்தில் நின்றது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டதாகச் சத்தியம் செய்தார்கள். கேபினட்டின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். நகம் அளவுக்கு ஒரு வைஃபை டாங்கிள், தூசி மூடி, போர்ட்டோடு போர்ட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கியதும் நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. அதிலிருந்து பின்பக்கத்தைக் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவித்தான் பார்க்கிறேன்.

வெளியிலிருந்து வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸை டிசேபிள் செய்தால் போதாது, அன்இன்ஸ்டாலே செய்ய வேண்டும். டிசேபிள் செய்தாலும் அதன் ஃபில்டர் டிரைவர் ஒவ்வொரு ஃபைலும் எழுதப்படும்போது குறுக்கே நிற்கும். விபிஎன், ஃபேன் வேகம் மாற்றும் மென்பொருள், ஓவர்கிளாக் செட்டிங் ஆகியவற்றுக்கும் இதே கதைதான்.

5. முதலில் டிஐஎஸ்எம், அப்புறம் எஸ்எஃப்சி

'டிஐஎஸ்எம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரீஸ்டோர்ஹெல்த்' முதலில். அது முடிந்த பிறகு 'எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்'. எஸ்எஃப்சி கெட்டுப்போன ஃபைலுக்குப் பதில் நல்ல பிரதியை எடுப்பது விண்டோஸின் சொந்தக் கிடங்கிலிருந்து. அந்தக் கிடங்கைச் சரி செய்வது டிஐஎஸ்எம். அதனால்தான் இந்த வரிசை.

டிஐஎஸ்எம் 62.3 சதவீதத்தில் ரொம்ப நேரம் நிற்கும். அது ஹேங் இல்லை, விட்டுவிடுங்கள், தானாக நகரும். சில நேரம் இந்த இரண்டு கட்டளைகளிலேயே மூலப் பிரச்சினை தீர்ந்து, ரிப்பேர் இன்ஸ்டாலே தேவையில்லாமல் போய்விடும்.

6. ஓட்டும் முறை

நெட்டைத் துண்டியுங்கள். செட்டப்பின் முதல் திரையில் அப்டேட்டுகளை எப்படி எடுப்பது என்பதை மாற்ற ஒரு சின்ன இணைப்பு இருக்கும். அதை அழுத்தி 'இப்போது வேண்டாம்' என்று கொடுங்கள். 46 சதவீதத்தில் அப்டேட் தேடிக்கொண்டே நிற்பது பழைய வியாதி. அதற்கு மருந்து இதுதான். அப்டேட்டைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

கடைசித் திரையில் 'ஃபைல்களும் புரோகிராம்களும் வைத்துக்கொள்ளப்படும்' என்று இருக்கிறதா என்று வாசித்துவிட்டு இன்ஸ்டால் அழுத்துங்கள். வாசிக்காமல் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று போனால் அதற்குப் பிறகு யாராலும் உதவ முடியாது.

7. நின்றுவிட்டதா, மெதுவாகப் போகிறதா?

சதவீத எண்ணை நம்பாதீர்கள். அது ஒரு வேலை முடிந்தால்தான் நகரும், அந்த வேலைக்குள் லட்சம் ஃபைல் இருக்கலாம். எஸ்எஸ்டி உள்ள சிஸ்டத்தில் மொத்தமே ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் நான்கு மணி நேரம் ஆவது சாதாரணம்.

விண்டோஸ் திரை இன்னும் இருக்கிறது என்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'செட்டப்ஹோஸ்ட்' என்ற புராசஸ் டிஸ்க்கில் எழுதுகிறதா என்று பாருங்கள். சி டிரைவில் மறைந்திருக்கும் ஃபோல்டர்களைக் காட்டச் சொன்னால், டாலர் குறியில் தொடங்கி 'விண்டோஸ்' என்றும் கடைசியில் 'பிடி' என்றும் முடியும் ஒரு ஃபோல்டர் தெரியும். அதற்குள் சோர்சஸ், அதற்குள் பேந்தர். அங்கே 'செட்டப்ஆக்ட்' லாக் இருக்கும். அதன் ஒரு பிரதியை நோட்பேடில் திறந்து கடைசி வரியின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி பிரதி எடுத்துப் பாருங்கள். புதிய வரி வந்திருந்தால் வேலை நடக்கிறது, டீ குடிக்கப் போகலாம்.

ரீஸ்டார்ட் ஆன பிறகு லாக்கைப் பார்க்க வழியில்லை. டிஸ்க் விளக்கு சிமிட்டுகிறதா, சுழலும் புள்ளிகள் சுழல்கின்றனவா, கேப்ஸ் லாக் அழுத்தினால் விளக்கு மாறுகிறதா என்று பாருங்கள். புள்ளிகளும் உறைந்து, கேப்ஸ் லாக்கும் செத்துக் கிடந்தால் அது நிஜமான ஹேங். மற்றபடி எஸ்எஸ்டிக்கு ஒரு மணி நேரம், ஹார்ட் டிஸ்க்குக்கு மூன்று மணி நேரம் எந்த அசைவும் இல்லாவிட்டால்தான் நான் கை வைப்பேன்.

8. நின்ற கட்டம் எது?

முதல் கட்டம் விண்டோஸுக்குள்ளேயே நடக்கும். இங்கே நின்றால் நெட், ஆன்டிவைரஸ், டிஸ்க் இடம், கெட்டுப்போன ஐஎஸ்ஓ ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். இந்தக் கட்டத்தில் அணைத்தாலும் பெரிய ஆபத்து இல்லை, பழைய விண்டோஸில் இன்னும் கை வைக்கவில்லை.

முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு, பெரும்பாலும் 30 சதவீதம் வரை, ஒரு சின்ன தனி விண்டோஸ் சூழலில் வேலை நடக்கும். இங்கே நின்றால் டிஸ்க், டிஸ்க் கன்ட்ரோலரின் டிரைவர், பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே எழும் மதர்போர்டின் மென்பொருள்) ஆகியவற்றைப் பாருங்கள்.

அடுத்து 30-லிருந்து 75 வரை. புதிய விண்டோஸ் முதன்முறையாக எழுந்து எல்லா டிரைவர்களையும் ஏற்றும் இடம் இதுதான். நான் பார்த்த ஹேங்குகளில் பாதிக்கு மேல் இங்கேதான் நடந்தன. கிராஃபிக்ஸ், வைஃபை, புளூடூத், ஆடியோ என்று பழைய டிரைவர்களை வரிசையாகச் சந்தேகியுங்கள்.

அதற்கும் பிறகு, கடைசிக் கட்டத்தில் நின்றால் யூசர் கணக்குகள், செட்டிங்குகள் இடம் மாறுவதில் சிக்கல். அரிதுதான்.

9. அணைக்கத்தான் வேண்டும் என்றால்

முதலில் திரையை மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைத்து, ஒரு நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். பெரும்பாலும் செட்டப் தானாகவே பழைய விண்டோஸுக்குத் திரும்ப ஆரம்பிக்கும்.

அந்தத் திரும்பும் வேலையின்போது எக்காரணம் கொண்டும் அணைக்காதீர்கள். முதல் ஹேங்கில் பொறுமை இழந்தவர்கள் இங்கேயும் பட்டனை அழுத்துவார்கள். பாதி பழையது, பாதி புதியது என்று சிஸ்டம் இரண்டும் கெட்டானாக நிற்பது அப்போதுதான். இரவு முழுவதும் ஆனாலும் விட்டுவையுங்கள்.

10. லாக் வாசிப்பது

பழைய விண்டோஸ் திரும்பி வந்ததும் முதல் வேலை, அந்த 'பிடி' ஃபோல்டரில் இருக்கும் லாக்குகளைத் தனியாக ஒரு இடத்தில் காப்பி எடுப்பது. அடுத்த முயற்சியில் அவை அழிந்துவிடும். சோர்சஸ் ஃபோல்டருக்குள் இப்போது 'ரோல்பேக்' என்று ஒன்று இருக்கும். திரும்பிய கதை அதற்குள்தான்.

மைக்ரோசாஃப்ட்டின் 'செட்டப்டயாக்' கருவி இந்த லாக்குகளை நமக்காக வாசித்துத் தரும். விண்டோஸ் 10-இன் 2004 வெர்ஷனிலிருந்து அது செட்டப்போடு சேர்ந்தே வருகிறது. தோல்வியானதும் தானாக ஓடி, விண்டோஸ் ஃபோல்டருக்குள் லாக்ஸ், அதற்குள் செட்டப்டயாக் என்ற ஃபோல்டரில் முடிவை வைத்திருக்கும். முதலில் அதைத் திறந்து பாருங்கள்.

பிழை எண் இரண்டு துண்டாக இருக்கும். முதல் துண்டு 0எக்ஸ்சி1900101 என்றால் பெரும்பாலும் டிரைவர். இரண்டாவது துண்டில் எக்ஸுக்கு அடுத்த இலக்கம்தான் கட்டம்: 1 என்றால் விண்டோஸுக்குள், 2 என்றால் முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பின், 3 என்றால் டிரைவர் ஏறும் இடம், 4 என்றால் கடைசிக் கட்டம். 0எக்ஸ்30018 என்று முடிந்தால் டிரைவர் ஏறும்போது விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

'செட்டப்எர்' லாக்கைத் திறந்தவுடன் சிவப்புக் கொடி காட்டுவது போல நிறைய 'எர்ரர்' தெரியும். பயப்பட வேண்டாம், நன்றாக முடிந்த இன்ஸ்டாலிலும் அவை இருக்கும். நின்ற நேரத்துக்குச் சற்று முந்தைய வரிகளை மட்டும் பாருங்கள். 'ஓஇஎம்' என்று தொடங்கி ஒரு எண்ணோடு 'ஐஎன்எஃப்' என்று முடியும் பெயர் கண்ணில் பட்டால் அதுதான் துப்பு. 'பிஎன்பியூட்டில் /இனம்-டிரைவர்ஸ்' (pnputil /enum-drivers) கட்டளை அந்த எண் எந்த நிறுவனத்தின் எந்த டிரைவர் என்று காட்டிவிடும்.

11. இரண்டாவது முயற்சி

ஒன்றை மாற்றாமல் மறுபடி ஓட்டாதீர்கள். துப்பு கிடைத்த டிரைவரை டிவைஸ் மேனேஜரில் அன்இன்ஸ்டால் செய்யுங்கள், டிரைவர் மென்பொருளையும் நீக்கச் சொல்லும் டிக்கோடு. துப்பு கிடைக்காவிட்டால் வைஃபை, புளூடூத், ஆடியோ மூன்றையும் பயாஸிலேயே அணைக்க முடிகிறதா என்று பாருங்கள்.

டிஸ்க் கிளீனப்பில் 'கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்' கொடுத்து, தற்காலிக இன்ஸ்டால் ஃபைல்களை அழியுங்கள். முந்தைய முயற்சியின் மிச்சம் புதிய முயற்சியைக் கெடுக்கும். 'எம்எஸ்கான்ஃபிக்'கில் மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைத்துவிட்டு மற்றவற்றை அணைத்து ஒரு ரீஸ்டார்ட் செய்துவிட்டு ஆரம்பியுங்கள்.

டிரைவர் கட்டத்திலேயே மறுபடி நின்றால், திறந்த ஐஎஸ்ஓவின் டிரைவுக்குப் போய் கமாண்ட் பிராம்ப்டில் 'செட்டப் /ஆட்டோ அப்கிரேட் /டைனமிக்அப்டேட் டிசேபிள் /மைகிரேட்டிரைவர்ஸ் நன்' என்று ஓட்டலாம். பழைய டிரைவர்களைக் கொண்டுபோகாமல் விண்டோஸ் தன்னிடம் இருப்பதை வைத்து எழும். முடிந்த பிறகு வைஃபை இல்லாமல் போகலாம், அதனால் அதன் டிரைவரை முன்கூட்டியே ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்கும் இடம் ஒவ்வொரு தடவையும் மாறிக்கொண்டே இருந்தால் சாஃப்ட்வேரைத் துரத்த வேண்டாம். அது பெரும்பாலும் ராம் அல்லது டிஸ்க். 'எம்டிஷெட்' (mdsched) என்று தட்டி மெமரி சோதனையை ஓட்டுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு முயலுங்கள்.

12. எப்போது விட்டுவிடுவது?

டிஸ்க்கும் ராமும் நன்றாக இருந்து, மூன்று தடவை மூன்று விதமாக மாற்றியும் நடக்கவில்லை என்றால் நான் ஃபார்மட்டுக்குப் போய்விடுவேன். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரிக்குள் விண்டோஸ் அப்டேட் வழியாகவே மறுபடி போடும் பட்டன் ஒன்று இருக்கிறது. ஐஎஸ்ஓ வழி தோற்றவர்கள் ஃபார்மட்டுக்கு முன் அதை ஒரு தடவை அழுத்திப் பார்க்கலாம், நெட் மட்டும் நன்றாக இருக்க வேண்டும்.

ரிப்பேர் நல்லபடியாக முடிந்தால் 'விண்டோஸ்.ஓல்ட்' ஃபோல்டரை உடனே அழிக்காதீர்கள். பத்து நாள் வரை பழையதுக்குத் திரும்ப அதுதான் வழி. பிடுங்கிய பிரிண்டர், டோக்கன் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சொருகாமல் ஒன்று ஒன்றாகச் சொருகிப் பாருங்கள். பிட்லாக்கரை ரெசியூம் செய்ய மறந்துவிடாதீர்கள்.